சோலாடியிலிருந்து மோகாவுக்கு: நெஸ்லே இந்தியாவின் ஆலைகளைத் தேடி

ஞாயிறு, சேரம்பாடி

கூடலூரில் பஸ் ஏறினால் நாடுகாணி, தேவாலா, பந்தலூர் என்று வளைந்து வளைந்து சேரம்பாடி வந்து சேர்கிறது. எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தாலும் தேயிலைதான். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, யானை நடமாட்டம் பற்றி எச்சரிக்கும் வனத்துறைப் பலகை. தேவாலா பக்கம் 1880களில் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் பங்கு விற்று, மலையைக் குடைந்து, ஒன்றும் தேறாமல் மூட்டை கட்டிப் போனார்கள்.

நான் வந்தது டீத்தூளுக்காக. சேரம்பாடியைத் தாண்டிக் கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது சோலாடி. அங்கே நெஸ்லே இந்தியாவின் ஆலை ஒன்று 1967-லிருந்து ஓடுகிறது. மேகி, நெஸ்கஃபே, மில்க்மெய்டு என்று வீட்டுக்கு வீடு தெரிந்த கம்பெனி. அதன் இரண்டாவது ஆலை நம் நீலகிரியில் இருப்பது ஊட்டிக்காரர்கள் பலருக்கே தெரியாது.

இந்தப் பயணத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வரலாறு என்றால் ஆண்டறிக்கையில் ஆலைகளையும் ஆண்டுகளையும் வரிசையாகப் போட்டிருப்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஏன் இந்த ஊர்? ஸ்விட்சர்லாந்தில் வேவே என்ற ஏரிக்கரை ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி, நீலகிரியின் இந்த ஓரத்துக்கும் பஞ்சாபின் ஒரு சந்தை ஊருக்கும் ஏன் வந்தது? ஆலைகளுக்குள் போக அனுமதி கேட்கவில்லை. வாசல், சுற்றுவட்டாரம், டீக்கடை, இவை போதும்.

சோலாடியில் தயாராவது நாம் கொதிக்க வைத்துக் குடிக்கும் டீத்தூள் இல்லை. தண்ணீரில் போட்டதும் கரையும் இன்ஸ்டன்ட் டீ. ஆரம்பத்தில் இது ஒரு சோதனை ஆலை. இந்த வட்டாரத்துத் தேயிலையைக் கரையும் தூளாக்க முடியுமா என்று பார்க்க வைத்தது. கேட்க எளிதாக இருக்கிறது. பால் கலக்காத டீயை வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கலங்கி ஏடு படிந்த மாதிரி ஆகிவிடும். தேயிலையின் கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. ஐஸ் டீ குடிக்கும் நாடுகளுக்கு விற்க வேண்டுமானால் இந்தக் கலங்கலைப் போக்க வேண்டும். அதற்கு என்ஸைம் உண்டு, வேறு ரசாயன வழிகளும் உண்டு. அதன் பிறகு சாற்றைச் சுண்ட வைத்து, சூடான காற்று வீசும் கோபுரத்தில் தெளித்துத் தூளாக்குவார்கள்.

ஐஸ் டீ குடிப்பவர்கள் அன்றைக்கு இந்தியாவில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் ஏற்றுமதிக்குத்தான். 1960களில் நாட்டுக்கு அந்நியச் செலாவணிப் பஞ்சம். 1966-ல் ரூபாயின் மதிப்பையே குறைக்க வேண்டி வந்தது. டாலர் கொண்டுவரும் ஆலை என்றால் டெல்லியில் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். ஆலை வந்தது மறு ஆண்டு.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கம்பெனி டீயா? அது நமக்கு இல்லைங்க தம்பி, கப்பல்ல போறது" என்றார். அவர் குடும்பம் இலங்கையில் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தது. 1964-ல் இலங்கை மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள், இவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னால் அதுதான் டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். சோலாடி ஆலைக்கும் டான்டீக்கும் ஒரு வருட வித்தியாசம்தான். ஒன்று தேயிலையைத் தூளாக்கி வெளியே அனுப்ப வந்தது, மற்றொன்று வெளியிலிருந்து வந்தவர்களைத் தேயிலையில் உட்கார வைக்க. இரண்டையும் ஒரே மலை தாங்கியது. டான்டீ நிலைமை இப்போது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பெரியவர் அதைப் பற்றித்தான் நிறையப் பேசினார், ஸ்விஸ் கம்பெனியைப் பற்றி அவருக்குப் பேச அதிகம் இல்லை.

சாலையோரத்தில் பச்சை இலை மூட்டைகள் வலைச் சாக்கில் லாரிக்குக் காத்துக் கிடந்தன. எடை போடுபவர் ஒரு மூட்டையை உதறி, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் கசக்கிப் பார்த்தார். மழை ஈரம் இருந்தால் எடையில் கழிவு. எத்தனை கிலோ கழிப்பது என்பதில்தான் அன்றைய வாக்குவாதம். அந்த இலை எந்த ஆலைக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அது இல்லை.

திங்கள், நஞ்சன்கூடு

முதுமலை வழியாக கர்நாடகா. பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். குண்டலுப்பேட்டை தாண்டினால் காடு போய் வயல் வந்துவிடுகிறது.

நஞ்சன்கூடு என்றால் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், கபிலா நதி, ரசபாளை வாழைப்பழம். நான்காவதாகத் தொழிற்பேட்டை. நெஸ்லேயின் ஆலை இங்கே 1989-ல் வந்தது, முக்கியமாகக் காப்பிக்காக.

சோலாடி போல இங்கே தலையைச் சொறிய வேண்டியதில்லை. இந்தியக் காப்பியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகாவில் விளைகிறது. அதிலும் குடகு பக்கத்திலேயே. இன்ஸ்டன்ட் காப்பிக்கு வேண்டியது ரொபஸ்டா என்ற காப்பி வகை. அதுதான் நம் நாட்டில் அதிகம் விளைகிறது. இருந்தாலும் அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். 1989-ல் இந்தியக் காப்பித் தோட்டக்காரர் தன் கொட்டையைத் தானே விற்க முடியாது. 1942-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாவற்றையும் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் கொண்டுவந்து கொட்ட வேண்டும், போர்டு ஏலம் விடும், பணம் தவணை தவணையாக வரும். பக்கத்துத் தோட்டத்திலேயே காப்பி இருந்தாலும் ஆலை அதை நேராக வாங்க வழியில்லை. அதே 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு முறை உடைந்தது, உலக விலை சரிந்தது. தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். 1992-லிருந்து போர்டின் பிடி தளர்ந்து, 1996-ல் முழுக்க விட்டுப்போனது. நஞ்சன்கூடு ஆலை தன் முதல் சில வருடங்களைப் பழைய சட்டத்தின் கீழ் ஓட்டி, பிறகு திறந்த சந்தைக்குள் நுழைந்திருக்கிறது. குடகில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அந்த மாற்றத்தைத் தேதியோடு சொல்வார்கள்.

நெஸ்கஃபே பிறந்ததே விலைச் சரிவில்தான். 1930களில் பிரேசிலில் காப்பி கொட்டிக் கிடந்து, விலை போகாமல் எரித்தார்கள், கடலில் கொட்டினார்கள். கெட்டுப்போகாமல் வைத்திருக்கும் வழி கேட்டு நெஸ்லேயிடம் வந்தார்கள். மேக்ஸ் மார்கன்தாலர் என்ற வேதியியலாளர் ஏழெட்டு வருடம் மண்டையை உடைத்து, 1938-ல் அது கடைக்கு வந்தது. இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது 1964-ல், அதுவும் காப்பியே விளையாத பஞ்சாபில்! அப்போது அவர்களிடம் இருந்த ஒரே ஆலை அதுதான்.

தெற்கில் விற்க அவர்கள் சிக்கரிக்கு இறங்கிவர வேண்டியிருந்தது. நெஸ்கஃபே சன்ரைஸ் சிக்கரி கலந்த காப்பி. ஃபில்டர் காப்பி வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு. கும்பகோணம் டிகிரி காப்பி என்று பெருமை பேசுபவர்கள் சிலர் சிக்கரியைக் கலப்படம் என்பார்கள், அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

தொழிற்பேட்டைச் சாலையில் காற்று திரும்பும்போது வறுத்த காப்பி வாசனை வந்தது. வாசனையில் ஒரு கருகல் இருந்தது. சாறு எடுத்த சக்கையை இந்தத் தொழிலில் பொதுவாகக் கொதிகலனில் எரித்துவிடுவார்கள். அந்தக் கருகல் அதனாலா, வறுப்பதாலா என்று பிரித்துச் சொல்லும் மூக்கு எனக்கு இல்லை.

செவ்வாய், மைசூரு

நெஸ்லே ஆலை இல்லாத ஊரில் ஒரு நாள் தங்கியதற்குக் காரணம் சி.எஃப்.டி.ஆர்.ஐ. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், 1950-ல் தொடங்கியது, செலுவாம்பா மாளிகையில் இருக்கிறது. ராஜகுமாரிக்காகக் கட்டிய அரண்மனைக்குள் ஊறுகாயும் குழந்தை உணவும் ஆராய்வது மைசூருக்கே உரிய விஷயம். எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால் பவுடர் செய்யும் முறையை 1950களில் இங்கேதான் உருவாக்கினார்கள். அமுலின் குழந்தைப் பால் பவுடரான அமுல்ஸ்ப்ரே வந்தது அதிலிருந்து.

இதற்கும் நெஸ்லேவுக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். அன்றைக்குக் குழந்தைகளுக்கான பால் பவுடரும் கண்டென்ஸ்டு மில்க்கும் இறக்குமதிச் சரக்கு. உலகத்தில் பால் பவுடர் தொழில் முழுக்கப் பசும்பாலை நம்பியது. கொழுப்பு அதிகமான எருமைப் பாலில் சரிவராது என்பது அன்றைய பொது அபிப்பிராயம். அமுலின் ஊரான குஜராத்தின் ஆனந்தில் எச்.எம். தலாயா என்ற பால் தொழில்நுட்பர் எருமைப் பாலைப் பவுடராக்கிக் காட்டினார், மைசூரு அதைக் குழந்தை வயிற்றுக்கு ஏற்றதாக்கியது. இந்தியாவில் எருமை இருக்கும்போது டப்பாவை ஏன் கப்பலில் கொண்டுவர வேண்டும் என்று அரசு கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தக் கதையின் மிச்சத்தை மோகாவில் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2015-ல் மேகி நூடுல்ஸ் தகராறில் கோவாவிலிருந்து வந்த மாதிரிகளைச் சோதித்து, விதிகளுக்குள் இருக்கிறது என்று சொன்னதும் இந்த நிலையம்தான். அந்த மேகி எங்கே தயாரானது என்று பார்க்க அடுத்த ஊருக்குக் கிளம்புகிறேன். இரவு ஸ்லீப்பர் பஸ். தூக்கம் வரும் என்ற நம்பிக்கை இல்லை.

வியாழன், டிச்சோலி, கோவா

வரைபடத்தில் பிச்சோலிம், வாய்ப்பேச்சில் டிச்சோலி. பனாஜியிலிருந்து கதம்பா என்ற அரசு பஸ். கடற்கரை, முந்திரிச் சாராயம், வெள்ளைக்காரர்கள், இந்தக் கோவா எதுவும் இங்கே இல்லை. இது இரும்புத்தாது நாடு. சாலை ஓரத்து இலைகளில் இன்னும் செம்மண் தூசி. 2012-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்தியபோது இந்த ஊர் லாரிகள் எல்லாம் வீட்டு வாசலில் நின்றன என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். அந்தச் சமயத்தில் தொழிற்பேட்டை வேலைதான் சில குடும்பங்களைக் காப்பாற்றியதாம்.

நெஸ்லே கோவாவில் இரண்டு ஆலை வைத்தது: போண்டா பக்கம் 1995-ல், இங்கே 1997-ல். போண்டா ஆலையில் கிட்கேட் போன்ற சாக்லேட் வகை. டிச்சோலியில் நூடுல்ஸ் வகையறா. 1991-க்குப் பிறகு தொழில் உரிமம் வாங்கும் முறை பெரும்பாலான துறைகளில் போய்விட்டது. அதுவரை பால் உற்பத்தியைப் பெருக்கு, டாலர் கொண்டு வா என்று ஏதாவது ஒரு நிபந்தனை ஆலையின் வாசலில் எழுதியிருந்தது. இந்த இரண்டு ஆலைகளும் வந்தது கம்பெனி தானே கணக்குப் போட்டு இடம் தேர்ந்தெடுக்கக்கூடிய காலத்தில். அதனாலோ என்னவோ எனக்கு இந்த ஊரில் எழுதக் கிடைத்தது குறைவு. ஆலைச் சுவர், வேலி, ஷிப்ட் முடிந்து வரும் இரு சக்கர வண்டிகள். ஒரு தட்டு மீன் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினேன். அதைப் பற்றி வேண்டுமானால் தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

சனி, குருகிராம்

கோவாவிலிருந்து விமானத்தில் டெல்லி, மெட்ரோவில் குருகிராம். ஜகரண்டா மார்க் என்ற தெருவில் நெஸ்லே ஹவுஸ். கண்ணாடிக் கட்டடம், காவலாளி, சனிக்கிழமை அமைதி. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கம்பெனியின் காகிதக் கதை முழுவதும் டெல்லி வட்டாரத்தில் நடந்தது. அதனால் இன்று உட்கார்ந்து எழுத்து வேலை.

நெஸ்லே இந்தியாவுக்கு வந்தது 1912-ல், தி நெஸ்லே ஆங்கிலோ ஸ்விஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி (எக்ஸ்போர்ட்) என்ற நீளமான பெயரில். அப்போது செய்தது கொண்டுவந்து விற்பது மட்டும். சுதந்திரம் வந்து, இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டபின் இங்கேயே தயாரித்தால் ஆச்சு, இல்லையென்றால் கடையைக் கட்டு என்ற நிலை. 1959 மார்ச் 28-ல் இந்தியக் கம்பெனி பதிவானது. பெயர் நெஸ்லே இல்லை, ஃபுட் ஸ்பெஷாலிட்டீஸ் லிமிடெட். பழைய மில்க்மெய்டு டப்பாவையும் செரிலாக் டப்பாவையும் வைத்திருப்பவர்கள் அடியில் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். 1990-ல்தான் நெஸ்லே இந்தியா என்று மாறியது. முப்பது வருடம் தன் பெயரைச் சிறிதாகப் போட்டுக்கொண்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

நடுவில் 1973-ல் ஃபெரா என்ற அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, அந்நியப் பங்கைப் பொதுவாக 40 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்னது. கோக்கா கோலா 1977-ல் போனது, ஐ.பி.எம். அடுத்த ஆண்டு. இவர்கள் போகவில்லை. போகாததற்கு மோகாவின் பால்தான் காரணம் என்பது என் ஊகம். ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் தினமும் இரண்டு வேளை பால் வாங்கும் கம்பெனியை யாரும் வெளியே போ என்று சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்கும் போட்ட குளிரூட்டும் தொட்டிகளைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. இன்று தாய்க் கம்பெனியின் பங்கு 62.76 சதவீதம். மீதி மியூச்சுவல் ஃபண்டுகள், நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளர்கள்.

அந்தச் சிறுபான்மைப் பங்குதாரர்கள் 2024 மே மாதம் ஒரு காரியம் செய்தார்கள். பிராண்டுகளையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்காக இந்தியக் கம்பெனி விற்பனையில் 4.5 சதவீதத்தைத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டியாகக் கொடுக்கிறது. அதைப் படிப்படியாக 5.25 ஆக்க ஒரு தீர்மானம் வந்தது. தாய்க் கம்பெனி தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாது என்பது விதி. மற்றவர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், தீர்மானம் தோற்றது. ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் விற்கும் கம்பெனியில் முக்கால் சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை.

இனி மேகி. 1983-ல் வந்த மஞ்சள் பாக்கெட். கதை தொடங்கியது 2014-ல், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஓர் உணவு ஆய்வாளர் கடையில் எடுத்த மாதிரியில். எம்.எஸ்.ஜி. என்ற சுவையூட்டும் உப்பு (மோனோசோடியம் குளூட்டமேட்) சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது, கோரக்பூர் ஆய்வகம் இருக்கிறது என்றது. அது கொல்கத்தாவின் மத்திய ஆய்வகத்துக்குப் போனது. அங்கிருந்து வந்த முடிவில் எம்.எஸ்.ஜி.யை விடப் பெரிய விஷயம் இருந்தது: காரீயம், 17.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 17.2 பங்கு). அனுமதித்த அளவு 2.5. கேரளா தன் அரசுக் கடைகளில் விற்பதை நிறுத்தியது, டெல்லி தடை போட்டது. 2015 ஜூன் 4-ம் தேதி தமிழ்நாடும் மூன்று மாதம் தடை போட்டது. மறுநாள் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னது. 30,000 டன்னுக்கு மேல் நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரட்டி சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரித்தார்கள். சுமார் 450 கோடி ரூபாய் நஷ்டம்.

ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் பக்கம் கேட்காமல் முடிவெடுத்தது தவறு, சோதித்த ஆய்வகங்கள் முறையான அங்கீகாரம் இல்லாதவை என்பது தீர்ப்பின் சாரம். மூன்று அங்கீகரித்த ஆய்வகங்களில் மறுசோதனை, எல்லாம் விதிக்குள், நவம்பர் 9-ல் மேகி திரும்பக் கடைக்கு வந்தது. அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் கேட்ட 640 கோடி இழப்பீட்டு வழக்கும் 2024-ல் தள்ளுபடி ஆனது.

கம்பெனிக்கு முழு வெற்றி மாதிரி தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எம்.எஸ்.ஜி. இல்லை என்று போட்டது வம்பை விலைக்கு வாங்கிய வாசகம். கோதுமையிலும் வெங்காயத்திலும் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு. அது தெரிந்த உணவுக் கம்பெனி அப்படிப் போட வேண்டிய அவசியம் என்ன? பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். குழந்தை உணவிலும் இதே வகைத் தலைவலி. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நாட்டில் சட்டம் உண்டு. 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற ஸ்விஸ் அமைப்பு, இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சேர்த்த சர்க்கரை இருக்கிறது, ஐரோப்பாவில் விற்பதில் இல்லை என்று வெளியிட்டது. கம்பெனி விதிகளுக்கு உட்பட்டே செய்வதாகச் சொன்னது, பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது. விதிக்குள் இருப்பது வேறு, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று செய்வது வேறு. வாங்கிக் கொடுக்கும் அம்மாவுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

திங்கள், மோகா

லூதியானாவில் இறங்கி, ஜக்ராவ் வழியாக பஸ். பனிமூட்டத்தில் முன்னால் போகும் டிராக்டரின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. கோதுமை முளை விட்டிருக்கும் வயல்கள். மோகா, லூதியானா-ஃபெரோஸ்பூர் சாலையில் இருக்கும் சந்தை ஊர். ஆலையும் அதே சாலையில், ஒரு வாய்க்கால் பக்கத்தில்.

மைசூரில் விட்ட கதையை இங்கே முடிக்கிறேன். 1950களின் நடுவில் நெஸ்லே இந்தியாவில் கண்டென்ஸ்டு மில்க் தயாரிப்பதாக அனுமதி வாங்கியிருந்தது, ஆனால் பொருள்கள் எல்லாம் இறக்குமதியாகவே வந்தன என்று அரசுக்கு மனக்குறை. அமுலின் வர்கீஸ் குரியனை வேவேவுக்கே பேச அனுப்பினார்கள். எருமைப் பாலில் செய்யுங்கள், இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று அவர் கேட்டார். கண்டென்ஸ்டு மில்க் செய்வது உள்ளூர்க்காரர்களிடம் விடக்கூடிய வேலை இல்லை என்று பதில் வந்ததாகவும், தான் எழுந்து வந்துவிட்டதாகவும் தன் நினைவுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். பிறகு அமுலே கண்டென்ஸ்டு மில்க் செய்தது. இது குரியன் பக்கத்துக் கதை. அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படியோ, 1961-ல் அரசு பால் பெருக்க வேண்டும் என்று நினைத்த மோகாவில் நெஸ்லே முதல் ஆலையைத் தொடங்கியது. அன்றைய மோகா, பசுமைப் புரட்சிக்கு முந்தைய பஞ்சாப். டிராக்டர் அபூர்வம், பல கிராமங்களில் மின்சாரம் இல்லை, வீட்டுக்கு ஓர் எருமை. பிறந்த கன்றுகளில் பாதிக்கு மேல் செத்துப்போகும். மிச்சமான பாலை விற்க யாருமில்லை, வெண்ணெயாகவோ நெய்யாகவோ கடைந்துவிடுவார்கள். தொடக்கத்தில் பால் கொடுத்தவர்கள் 180 பேர். 2000களின் நடுவில் 75,000 பேருக்கு மேல்.

நடுவில் நடந்ததுதான் விஷயம். பால் வாங்க லாரி மட்டும் வந்தால் எதுவும் வளர்ந்திருக்காது. லாரியோடு கால்நடை மருத்துவர் வந்தார், தீவனம் பற்றிச் சொல்பவர் வந்தார். கிராமத்திலேயே குளிரூட்டும் தொட்டி வைத்தார்கள். மருந்து மொத்த விலையில் கிடைத்தது, சினை ஊசி போட்டார்கள். இதெல்லாம் நம் ஊர் ஆவின் சங்கங்களும் செய்ததுதான். ஒரு வித்தியாசம்: சங்கத்தில் விவசாயி உறுப்பினர், இங்கே விற்பவர் மட்டும். லாபத்தில் பங்கு கிடையாது, ஆனால் பணம் ஒழுங்காக வரும். எது மேல் என்று மோகாவில் கேட்டால் அன்றைய கொள்முதல் விலையைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

செவ்வாய், மோகா பக்கத்துக் கிராமம்

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பால் சேகரிப்புக் கடை. யாருக்கு வாங்குகிறார்கள் என்பதும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேர்கா என்ற பஞ்சாப் பால் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு, தனியார் பலரும் உண்டு.

காலை ஆறரை. தலைப்பாகைக்கு மேல் சால்வை சுற்றிய ஆட்கள் அலுமினியக் கேனோடு வரிசையில். பனிக்காலம் பால் பெருகும் காலம். கோடையில் எருமை வற்றிவிடும். ஒவ்வொரு கேனையும் கிளறி, ஒரு கரண்டி எடுத்துக் கருவியில் வைத்தால் கொழுப்பும் கொழுப்பு இல்லாத திடப்பொருளும் எண்ணாக வருகிறது. விலை அந்த இரண்டு எண்ணைப் பொறுத்தது. லிட்டரை மட்டும் வைத்து வாங்கினால் தண்ணீர் ஊற்றியவருக்கும் ஊற்றாதவருக்கும் ஒரே விலை ஆகிவிடும்.

ஒருவரின் பாலுக்குக் கொழுப்பு 6.2 சதவீதம் வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நேற்று 6.6, அதே எருமை, அதே தீவனம்." கடைக்காரர் கீழே இருந்த மரப்பெட்டியை எடுத்தார். கழுத்தில் அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள். பத்து மில்லி கந்தக அமிலம், அதன் மேல் மெதுவாகப் பால், கொஞ்சம் ஆமைல் ஆல்கஹால். ரப்பர் மூடி போட்டுக் குலுக்கினார். குழாய் கை பொறுக்காத சூடாகிவிடும், அதனால் துணி சுற்றிப் பிடித்திருந்தார். பால் காப்பி நிறத்துக்கு மாறியது. கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்து ஐந்து நிமிடம் சுழற்றி, வெந்நீரில் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கழுத்தில் தங்க நிறத்தில் கொழுப்பு மிதந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். 6.4. நூறு வருடத்துக்கு முந்தைய கெர்பர் முறை, அதுவும் ஸ்விட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்தது.

"பார்த்தீங்களா வீர்ஜி, மெஷின் என்னிடம் திருடப் பார்த்தது" என்று அவர் என்னிடம் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை, நோட்டில் 6.4 என்று எழுதினார். அடுத்து நின்றவரும் தன் பாலுக்குக் குழாயை எடுக்கச் சொன்னார்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நெஸ்லேயின் பந்த்நகர் (2006), தாலிவால் (2012) ஆலைகளுக்கு ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் 2003-ல் மத்திய அரசு வரிச் சலுகைகள் கொடுத்தது, ஏகப்பட்ட கம்பெனிகள் அங்கே ஆலை வைத்தன. அந்த இரண்டு ஊருக்கும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் அரசிதழில் இருக்கிறது, டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஹரியானாவின் சமால்கா ஆலையும் குஜராத்தின் சாணந்து ஆலையும் பாக்கி. சாணந்துக்குப் போனால் பக்கத்தில்தான் ஆனந்த், அங்கே ஒரு நாள் வைத்துக்கொண்டு போக வேண்டும்.